ஓட்டு வீட்டு ஒட்டடைக்கு எது கொடுத்த காசுக்குப் பெறும்?

கும்பகோணமோ மன்னார்குடியோ, எந்தக் கடைத்தெருவிலும் "எட்டுக்கால் பூச்சிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கரப்பானுக்கு வைத்திருக்கும் ஸ்ப்ரேயைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது விஷம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், சிலந்திக்கு அது சரியாக வேலை செய்வதும் இல்லை. கரப்பான் தரையோடு வயிறு உரச ஓடும். மீசையையும் காலையும் வாயில் இழுத்து இழுத்துச் சுத்தம் செய்யும். சுவரில் காய்ந்து கிடக்கும் மருந்து அந்த வழியாகத்தான் அதன் உடம்புக்குள் போகிறது. சிலந்தி நுனிக்காலில் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. பாதி நேரம் சுவரையே தொடாமல் தன் நூலில் தொங்குகிறது. மருந்து நேராக மேலே பட்டால் சாகும். அடித்து வைத்த சுவரில் நடந்து சாகும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

ஆகவே விஷம் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் சிலந்தி பெருகுகிறது என்றால் அங்கே சாப்பாடு கிடைக்கிறது, ஒண்ட மூலை இருக்கிறது, கலைக்க ஆள் இல்லை. இந்த மூன்றில் ஒன்றையாவது கெடுக்கிற பொருளுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. பாட்டிலில் வருபவை பெரும்பாலும் மூன்றையும் தொடுவதே இல்லை. டெல்டா கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற சாமான்களை இந்தக் கணக்கை வைத்துத்தான் இங்கே எடை போட்டிருக்கிறது.

வாங்கப் போகும் முன் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் மூன்று வகையைத்தான் அதிகம் பார்ப்போம். நூல் மாதிரி நீண்ட கால், சின்ன உடம்பு, தொட்டால் ஊஞ்சல் போலக் கிடுகிடுவென்று அதிர்கிறதே, அதுதான் ஒட்டடைக்காரன். பரண் மூலை, விட்டத்தின் அடி, குளியலறைக் கதவின் பின்புறம் என்று நூலாம்படை கட்டுவதில் பெரும்பங்கு அதனுடையது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சில சிலந்திகளின் வாயில் ஜவ்வரிசிக் கொத்து மாதிரி ஒன்று தெரியும். அது இரை அல்ல, முட்டை. தாய் வாயிலேயே கவ்விக்கொண்டு திரியும். இரண்டாவது, உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பிச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு இரவில் மட்டும் வெளியே வரும் பெரிய சிலந்தி. வலையே கட்டாது. கரப்பானைத் தேடித்தான் வருகிறது. வயிற்றுக்கு அடியில் வெள்ளைக் காசு மாதிரி வைத்திருப்பது அதன் முட்டைப் பை. மூன்றாவது, ஜன்னல் கட்டையில் தாவித் தாவி ஈயையும் கொசுவையும் பிடிக்கும் குட்டிச் சிலந்தி. அதை விட்டுவிடலாம், சுத்தத்துக்கு அதனால் கேடு இல்லை.

இந்த மூன்றாலும் ஆளுக்கு ஆபத்து கிடையாது. மழைக்காலத்தில் கழுத்திலும் கையிலும் கோடு இழுத்தாற்போலச் சிவந்து எரிந்து கொப்புளம் கிளம்பினால் "சிலந்தி எச்சில் பட்டுடுச்சு" என்று ஒரு பேச்சு உண்டு. பல நேரம் அது சிலந்தியே அல்ல. வயலிலிருந்து விளக்குக்கு வருகிற, எறும்பு மாதிரி ஒல்லியாக ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் ஒரு சின்ன வண்டு. மேலே உட்கார்ந்ததும் பட்டென்று அடித்து நசுக்குகிறோம், அதன் உடம்புச் சாறு தோலைப் பொசுக்குகிறது. ஊதித் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்த வண்டுக்கும் சிலந்திக்கும் அழைப்பு அனுப்புவது ஒரே சாமான்தான். அது எது என்று பிறகு பார்ப்போம்.

ஒட்டடைக் கம்பு

முதல் இடம் இதற்குத்தான். ஆனால் பாதிப் பேர் வாங்குவது தங்கள் வீட்டுக்குப் பொருந்தாத கம்பு.

நீளத்தில்தான் முதல் தப்பு நடக்கிறது. தலைக்கு நேர் மேலே கம்பை நீட்டினால் அத்தனை தூசியும் கண்ணில் விழும். அதனால் நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து 4 அடியில் பிடித்துச் சாய்த்துத்தான் அடிப்போம். 60 டிகிரி சாய்வில் 7 அடிக் கம்பு 6 அடி உயரம்தான் ஏறும். 10 அடியில் தளம் போட்ட வீட்டுக்கு அது சரியாக எட்டும். பிடிக்கு ஓர் அடி சேர்த்து 8 அடியாக வாங்குங்கள். பழைய ஓட்டு வீட்டுக் கூடத்தில் முகடு 16 அடியில் இருந்தால் கைக்கு மேலே மட்டும் 14 அடி வேண்டும். பிடியோடு 15. கடையில் சாதாரணமாகத் தொங்கும் 5, 6 அடிக் கம்புகள் இந்த வீட்டுக்கு உதவாது. நாற்காலி மேல் ஏறி அடிக்கத்தான் பயன்படும், விழுவதும் அங்கேதான்.

இழுத்தால் நீளும் எஃகுக் கம்புகளில் இரண்டு விதப் பூட்டு வருகிறது. முறுக்கிப் பூட்டும் வகையில் உள்குழாயின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும். முறுக்கினால் அது ஒரு பக்கம் ஒதுங்கி வெளிக்குழாயை இறுக்கும். ஒட்டடைத் தூசியும் ஈரமும் உள்ளே போனால் கட்டை வழுக்க ஆரம்பிக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே கம்பு சர்ரென்று குட்டையாகி, தலைப் பிரஷ் தோளில் வந்து விழும். அப்போது எண்ணெய் விடாதீர்கள். விட்டால் அது கடைசிவரை இறுகாது. உள்குழாயை முழுக்க உருவி, கட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி மறுபடி மாட்டுங்கள். இன்னொரு வகை, வெளியே நெம்புகோல் மாதிரி மடக்கிப் பூட்டுவது. விலை கொஞ்சம் கூட. ஆனால் தளர்ந்தால் ஒரு திருகாணியை அரைச் சுற்று முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். 10 அடிக்கு மேல் வாங்குகிறவர்கள் இதையே எடுக்கவும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். முழு நீளத்துக்கு இழுத்து, ஒரு நுனியைப் பிடித்துத் தரைக்குப் படுக்கையாக நீட்டுங்கள். மறு நுனி ஒரு முழத்துக்கு மேல் தொங்கினால் குழாய்த் தகடு மெல்லிசு. முகட்டில் தட்டும்போது தூண்டில் மாதிரி ஆடும், நினைத்த மூலையில் நிற்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் பளபளப்பு முலாம் பூசிய எஃகு சீக்கிரம் துருப்பிடித்து, ஒரு துண்டு இன்னொன்றுக்குள் போகாமல் சிக்கிக்கொள்ளும். அங்கே அலுமினியமோ ஃபைபர் கம்போ நல்லது.

அடுத்தது தலை. வழவழப்பாகப் பெயிண்ட் அடித்த சுவருக்கு உருண்டையான நைலான் பிரஷ் போதும். வட்டமான கைமரத்துக்கும் தூணுக்கும் பிறை வடிவத் தலை பொருந்தும். பனங்கை போட்ட கூரை என்றால் நைலானுக்கு ஆயுள் ஒரு பொங்கல்தான். பனஞ்சிலாம்பில் மாட்டி இழை இழையாகப் பிய்ந்து, ஒட்டடைக்குப் பதில் பச்சை நைலான் நூல் விட்டத்தில் தொங்கும். அந்தக் கூரைக்கு மூங்கில் கழியில் கட்டிய தென்னந்துடைப்பத்தை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. கட்டும்போது ஒரே இடத்தில் கட்டினால் துடைப்பம் கழியில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, ஈர்க்குகளை விசிறி மாதிரி விரித்துவிடுங்கள். செலவு சொற்பம், 16 அடி உயரமும் எட்டும். மூங்கிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உலர்ந்த மூங்கிலில் மின்சாரம் சட்டென்று பாயாது. பழைய வீடுகளில் தோல் உரிந்த வயரும் மூடியில்லாத ஹோல்டரும் உத்திரத்தோடு ஓடும், வாசல் தாழ்வாரத்தை ஒட்டி சர்வீஸ் வயர் போகும். அங்கெல்லாம் உலோகக் கம்பை ஓங்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை, எந்தக் கம்பாக இருந்தாலும்.

அடிக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் சுவரில் தேய்க்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டடையைத் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுந்து மறு வெள்ளையடிப்பு வரை அப்படியே நிற்கும். தேய்க்காமல் பிரஷை வலையின் நடுவில் நுழைத்துக் கம்பை உள்ளங்கையில் உருட்டுங்கள். பஞ்சுமிட்டாய்க்காரர் குச்சியில் சுற்றுவது போல மூன்று நான்கு உருட்டில் வலை மொத்தமும் பிரஷில் சுருண்டு வந்துவிடும், சிலந்தியும் முட்டையும் உட்பட. முகட்டில் தொடங்கிக் கீழே இறங்கவும். ஒவ்வொரு மூலைக்கும் பிறகு பிரஷைத் திண்ணை விளிம்பில் தட்டுவது பழக்கம். தட்டினால் உயிரோடிருக்கும் சிலந்தி அன்று ராத்திரியே திரும்ப வந்துவிடும். கொல்லையில் ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர் பிடித்து இரண்டு கரண்டி சோப்புத்தூள் கலந்து, அதில் பிரஷை முக்கி அலசுங்கள். சோப்பு கலந்தால்தான் முட்டைப் பையின் பட்டு நனைந்து தண்ணீர் உள்ளே இறங்கும். வெறும் தண்ணீரில் அது மிதக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஐப்பசியிலிருந்து மார்கழி வரை 10 நாளுக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை. முட்டை பொரிய பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் 10 நாள் கணக்கில் போனால் ஒரு தலைமுறையும் குஞ்சு பொரிக்காது. சரஸ்வதி பூஜைக்கு ஒன்று, போகிக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தரம் மட்டும் அடிக்கிற வீட்டில் நடுவில் மூன்று மாதம் சிலந்திக்கு முழு விடுமுறை.

கம்பு மட்டும் போதாது என்பதைத் திருவானைக்கா புராணமே சொல்கிறது. லிங்கத்தின் மேல் நாவல் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது. யானை அதை ஒட்டடை என்று நினைத்து நாள்தோறும் கலைத்தது. சிலந்தி நாள்தோறும் மறுபடி பின்னியது. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினான் என்பது கதை. பக்தியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் விஷயம் சரி. இடம் பிடித்துப்போனால் கலைத்த வலையை அது அன்று இரவே திரும்பக் கட்டும். பிடிக்காமல் போகச் செய்ய வேண்டும்.

பல்பும் வலையும்

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் தள்ளிப்போனாலும், ஐப்பசி கார்த்திகையில் வயலில் சம்பாவோ தாளடியோ நிற்கும். பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், ஈசல், அந்து எல்லாம் இருட்டியதும் வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பும். முன்னே சொன்ன அழைப்பு இந்த வெளிச்சம்தான். வாசல் நிலைக்கு நேர் மேலே ஒரு வெள்ளை எல்இடி பல்பை எரியவிடுவது சிலந்திக்கு இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம். அந்த பல்பின் நாலு பக்கமும் இருக்கிற வலையைப் பார்த்தாலே தெரியும்.

இதற்கு வாங்க வேண்டியது 2700 அல்லது 3000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்ச எல்இடி. வெள்ளை பல்ப் பெரும்பாலும் 6500, அதில் நீல ஒளி அதிகம். நீல ஒளி குறையக் குறையப் பூச்சி வரத்து குறையும். அடியோடு நிற்காது, ஆனால் வித்தியாசம் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். வெள்ளை பல்பின் விலையேதான், ஒன்றிரண்டு ரூபாய் முன்னே பின்னே இருக்கும். வாட்டைக் கூட்ட வேண்டாம், 7 வாட் ஒரு திண்ணைக்குத் தாராளம். இன்னும் ஒரு படி போக நினைத்தால் பல்பை நிலையிலிருந்து பெயர்த்து, எதிரே வாசல் தூணிலோ வேலிக் கம்பத்திலோ மாட்டி வெளிச்சத்தை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுங்கள். பூச்சி கம்பத்தோடு நின்றுவிடும். இந்த மாற்றத்துக்கு எலக்ட்ரீஷியன் கூலி உண்டு. ஆனாலும் இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் எல்லாச் செலவிலும் கம்புக்கு அடுத்தபடி நியாயமான செலவு இதுதான்.

கொசுவலையும் இதே வேலையைத்தான் செய்கிறது, உள்ளே வருகிற சாப்பாட்டை மறிக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 18-க்கு 16 கண் உள்ள ஃபைபர் வலை போதும். கொசுவும் தத்துப்பூச்சியும் அதில் நுழையாது. பொரிந்த சிலந்திக் குஞ்சு நுழையும், ஆனால் உள்ளே தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் தங்காது. வெல்க்ரோ ஒட்டி மாட்டும் வலைகள் பெயிண்ட் அடித்த மரச்சட்டத்தில் நன்றாக நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. பசை சுண்ணாம்புப் பொடியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். அங்கே மெல்லிய ரீப்பர் சட்டம் அடித்து அதில் வலையை ஆணியால் இறுக்குவதே வழி. எலித் தொல்லை உள்ள வீட்டில் ஃபைபரை எலி கடிக்கும், கீழ் ஒரு அடிக்கு மட்டும் எவர்சில்வர் வலை போடலாம்.

ஓட்டு வீட்டில் ஜன்னலை விடப் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. சுவர் முடிந்து ஓடு தொடங்கும் இடத்தில், கைமரத்துக்கும் கைமரத்துக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்குச் சந்து. அதைச் சிமெண்ட் வைத்து மொத்தமாக அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் காற்றோட்டம் போய் மழைக்காலத்தில் மரம் வியர்த்து உளுக்கும். அங்கேயும் வலைத் துண்டைத்தான் திணித்து ஆணி அடிக்க வேண்டும். தளம் போட்ட வீட்டில் கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை, ஏசி குழாய் நுழையும் ஓட்டைக்கு எம்-சீல், சுவர் வெடிப்புக்கு வெள்ளை சிமெண்ட். அரை நாள் வேலை.

தெளிக்கிறவை

புதினா எண்ணெய்க்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று வகைச் சிலந்திகளை வைத்துப் பார்த்தபோது, புதினா எண்ணெய் தடவிய இடத்தை இரண்டு வகைகள் நன்றாகவே ஒதுக்கின, மூன்றாவது அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. எலுமிச்சை எண்ணெய் எதனிடமும் எடுபடவில்லை. எலுமிச்சைத் தோலை மூலை மூலையாக வைக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை இதோடு விட்டுவிடலாம். ஆனால் பரிசோதனைக் கூடத்துப் பெட்டி வேறு, காற்று வீசும் தாழ்வாரம் வேறு. நம் வெயிலுக்கு அந்த வாசனை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது.

வாங்கும்போது கேக்கில் விடும் புதினா எசன்ஸை எடுத்துவிடாதீர்கள். வேண்டியது பெப்பர்மின்ட் எசென்ஷியல் ஆயில், கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வருவது. அரை லிட்டர் தண்ணீருக்கு 20 சொட்டு, அதாவது ஏறக்குறைய 1 மில்லி. அதோடு பாத்திரம் தேய்க்கும் திரவம் அரைத் தேக்கரண்டி. சோப்பு இல்லாமல் கலந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். ஸ்ப்ரே குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் பாட்டில் தீரும்வரை வெறும் தண்ணீர்தான் வரும், கடைசி நாலு அழுத்தில் மொத்த எண்ணெயும் கொட்டும். பலன் இல்லை என்று புகார் சொல்கிறவர்களில் பலர் செய்கிற தப்பு இதுதான். ஒவ்வொரு தடவையும் குலுக்கி, ஒட்டடை அடித்து முடித்த பிறகு ஜன்னல் சட்டத்திலும் கதவு நிலையிலும் தெளிக்கவும். வலை மேல் தெளிப்பதில் பயன் இல்லை. பூனை வளர்க்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம், பூனையின் ஈரலுக்கு இந்த எண்ணெய்கள் ஆகாது. கைக்குழந்தை படுக்கும் அறையிலும் தவிர்க்கவும்.

வினிகர் நேராகப் பட்டால் சிலந்தியைக் கொல்லும், காய்ந்த பிறகு ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புச் சுவரையும் பழைய சிவப்புச் சிமெண்ட் தரையையும் அரிக்கும். ஒரு தடவை விட்ட சொட்டு வெளிறிய பொட்டாக நிற்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய குளியலறையில் வினிகர் தெளித்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சேர்க்கையே கூடாது. இதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி பாத்திர சோப்புத் திரவம் கலந்து நேராக அடித்தால் அதே வேலை நடக்கும், காசும் மிச்சம்.

வேப்பெண்ணெயைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். பயிரைத் தின்கிற பூச்சிக்கு அது பசியைக் கெடுக்கும், தோலுரிப்பைக் குலைக்கும். சிலந்தி இலை தின்பதில்லை. சுவரில் மஞ்சள் கறையும் ஒரு வாரத்துக்கு வாடையும்தான் மிச்சம். நொச்சியிலைப் புகை கொசுவை விரட்டும், அந்த வகையில் சிலந்தியின் தீனி குறையும். சிலந்தி புகையில் சற்று ஒதுங்கி, அடங்கியதும் திரும்பும். அந்துருண்டையை விஷமில்லாதது என்று எண்ணி மூலைகளில் போடுகிறார்கள். நாப்தலீன் விஷம்தான், சில பச்சிளம் குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே உடைத்துவிடும்.

"ஹெர்பல்" என்று பச்சை இலை படம் போட்டு வரும் ரெடிமேட் ஸ்ப்ரேக்களை வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சாய்சதுரக் கட்டம் ஒன்று, அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஒரு நிறத்தில் இருந்தால், அது பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து. சிவப்பு மிகக் கடுமை, பச்சை குறைந்த நச்சு. பச்சை என்றால் மூலிகை என்று பொருள் அல்ல. சேர்மானத்தில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று "த்ரின்" என்று முடியும் பெயர் இருந்தால் இலைப் படத்தை மறந்துவிடலாம். கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸிலும் பெரும்பாலும் இந்த இனமே. இவை மீனுக்குக் கொடிய நஞ்சு. தரை கழுவிய தண்ணீர் கொல்லைக் குட்டைக்கோ வாய்க்காலுக்கோ போகிற வீடுகள் இங்கே எத்தனை என்று யோசித்துக்கொள்ளுங்கள். சேர்மானமே அச்சிடாத பாட்டிலை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

மற்றவை

காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று சொல்லி விற்கிற, பிளக்கில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவிக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அறிவியல் ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் கடிதம் எழுதியது. அதே பெட்டி இங்கே இன்னும் புதுப் பெயரில் வருகிறது. அதன் மேலேயே சிலந்தி வலை கட்டுவதைப் பார்க்கலாம்.

டயட்டமேசியஸ் எர்த் என்கிற, நுண்பாசிகளின் புதைந்த ஓடுகளாலான வெள்ளை மண்பொடி பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்கிறது. உலர்ந்திருந்தால்தான் அந்த வேலை. சிலந்தி பெருகும் ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக் காற்றில் அது ஒரே நாளில் களிம்பாகிவிடும். பங்குனியில் வேலை செய்யும், அப்போது தேவையே இல்லை. தூவும்போது மூக்கில் ஏறாமல் முகக்கவசம் வேண்டும் என்பது வேறு.

பசை அட்டை பெரிய சிலந்தியைப் பிடிக்கும். அதோடு பல்லியையும் அரணையையும் பிடிக்கும். பல்லி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விடுவிக்கவும். இந்த அவஸ்தைக்காகவே மதிப்பெண் குறைகிறது.

வாக்குவம் கிளீனர் தளம் போட்ட வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் நல்ல வாங்கல். குறுகலான மூக்கை மாட்டி உறிஞ்சினால் முட்டைப் பையோடு வந்துவிடும். முடிந்ததும் பையை உள்ளேயே விட்டுவிட்டால் சிலந்தி குழாய் வழியே திரும்பி வெளியே வரும். அன்றைக்கே கொல்லையில் கொட்டுங்கள். விறகடுப்புப் புகை படிந்த ஓட்டுக் கூரைக்கு இது வேண்டாம். கரித்தூசி ஒரே நாளில் ஃபில்டரை அடைத்துவிடும், குழாயும் அந்த உயரத்துக்கு எட்டாது.

பூச்சி ஒழிப்பு நிறுவனங்களைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன மருந்து, பெயரை எழுதித் தர முடியுமா? அடிக்கும் முன் ஒட்டடை எடுப்பீர்களா? இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் போன காசு போனதுதான், வலையும் முட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வருகிற ஆட்களிடம் கூலி பேசி ஒரு நாள் ஒட்டடை அடிக்கச் சொல்வது சிலந்தி விஷயத்தில் அதைவிட மேல். சாரம் கட்டத் தெரியும், முகடு வரை கை எட்டும்.

அந்த உள்ளங்கைச் சிலந்திக்கு மட்டும் கம்பைத் தூக்க வேண்டாம். ஓங்கினால் மின்னல் மாதிரி அலமாரிக்குப் பின்னால் போய்விடும், பிறகு யாரும் தூங்கமாட்டீர்கள். பிரியாணி வாங்கிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். டபரா அதன் காலுக்குப் பத்தாது, உள்ளே இருக்கிறதா என்று தெரியவும் தெரியாது. மெதுவாக, நிழல் அதன் மேல் விழாமல் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய்க் கவிழ்த்து, டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் சொருகுங்கள். கெட்டி அட்டைப் பத்திரிகையாகப் பார்த்து எடுக்கவும், மெல்லிசுத் தாள் நடுவில் மடங்கிவிடும். தாளை அழுத்திப் பிடித்தபடி கொல்லைக்குக் கொண்டுபோய் விறகுக் கட்டைப் பக்கம் விடலாம். இருட்டிய பிறகு விடவும். பகலில் விட்டால் நாலு அடி ஓடுவதற்குள் மைனா கொத்திக்கொண்டு போய்விடும்.